சந்தனமா சாந்தா ஆரமா? நம்ம ஏரியா கேள்விகளுக்கு பதில்

தண்டையார்பேட்டை தம்பி: அண்ணா, சந்தனம் தமிழ் வார்த்தையா வடமொழியா? வீட்ல ஒரே சண்டை.

பதில்: இப்ப நாம சொல்ற வடிவம் சமஸ்கிருத "சந்தன"தான் தம்பி, ஆனா அதோட முடிஞ்சிடல. நம்மகிட்ட சாந்துன்னு ஒண்ணு இருக்கு, பூசுற குழம்பு. மேஸ்திரி செங்கல்லுக்கு நடுவுல வெக்கிற கலவையும் சாந்து, கொழந்தைக்கு வெக்கிற கருப்பு பொட்டும் சாந்து, கல்லுல தண்ணி விட்டு கட்டைய உரசுனா வழியுதே அந்த விழுதும் சாந்து, திருவொத்தியூர் வடிவுடையம்மனுக்கு சந்தனம் "சாத்துறாங்க"ன்னு சொல்றோமே, அந்த சாத்துறதையும் இதே குடும்பத்துலதான் திராவிட அகராதில வெச்சிருக்காங்க. அதனால பரோ மாதிரி மொழி ஆராய்ச்சிக்காரங்க, சந்தனவே தெக்க இருந்து வடக்க போன சொல்லுன்னாங்க. எல்லாரும் ஒத்துக்கல. எனக்கு அதுதான் சரின்னு படுது, ஏன்னா பூசுறதுன்ற வேர் முழுசா நம்ம வாய்ல இன்னிக்கும் ஓடுது, மரமும் இந்தப் பக்கம்தான் நிறைய.

காசிமேடு தங்கச்சி: சங்க காலத்துல இன்னான்னு சொன்னாங்கண்ணா?

பதில்: ஆரம், சாந்தம், ரெண்டும் உண்டும்மா. பட்டினப்பாலைல காவிரிப்பூம்பட்டினத்து தெருவுல வந்து குவியுற சரக்க சொல்லும்போது "குடமலைப் பிறந்த ஆரமும் அகிலும்"னு வரும். குடமலைன்னா மேற்குத் தொடர்ச்சி மலை. ஹார்பர் பக்கத்துலயே பொறந்து வளந்த நமக்கு அந்த வரி சட்டுனு புரியும், எனக்கு ரொம்ப புடிச்ச எடம் அது. கழுத்துல போடுற ஆரம் வேற, அது "ஹாரம்".

ராயபுரம் நண்பர்: கால்ல போடுற சேண்டலுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா ப்ரோ?

பதில்: இல்ல ப்ரோ. செருப்பு சேண்டல் கிரேக்கத்துல செருப்புக்கே இருந்த சொல்லு. மரத்தோட பேரு இங்கேர்ந்து கெளம்பி கிரேக்கம், லத்தீன்னு போய் இங்கிலீஷ்ல சேண்டல் ஆச்சு, அரபுலயும் சந்தல்தான். ஓசை ஒண்ணாயிடுச்சு, அவ்ளோதான்.

மண்ணடி பாய்: ஹார்பர்ல புடிக்கிறாங்களே செம்மரம், அதுவும் சந்தனம்தானா?

பதில்: செஞ்சந்தனம்னு பேர்லதான் சந்தனம் இருக்கு பாய், ஜாதியே வேற. அது ஆந்திரா சேஷாசலம் பக்கத்து மரம், செக்கச்செவேல்னு இருக்கும், சந்தன வாசன இருக்காது. நாகூர் சந்தனக்கூட்டுல எடுத்துட்டுப் போய் பூசுறது வாசன சந்தனம், அதோட வாசன வைரம் பாஞ்ச நடுக்கட்டைலயும் வேர்லயும்தான் இருக்கும், அதனாலதான் வெட்டாம வேரோட தோண்டி எடுக்குறாங்க.