குளிர் ஊரில் ஏது மலேரியா?

கேள்வி: டாக்டர், என் வீட்டுக்காரர் மங்களூரில் பெயின்ட் வேலைக்குப் போயிருந்தபோது மலேரியா வந்து, மாத்திரை சாப்பிட்டுக் குணமாகித்தான் ஊர் திரும்பினார். ஐந்து மாதம் கழித்துப் போன வாரம் மறுபடி குளிர்காய்ச்சல். ரத்தச் சோதனையில் வைவாக்ஸ் வகை மலேரியா என்று வந்திருக்கிறது. கம்பளி இல்லாமல் தூங்க முடியாத இந்த ஊரில் எந்தக் கொசு கடித்திருக்கும்?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: அநேகமாக இங்கே எதுவும் கடித்திருக்காதும்மா. கடித்தது மங்களூர்க் கொசுதான்.

கொசு எச்சிலோடு உள்ளே போகும் கிருமி முதலில் புகுவது கல்லீரலில். அங்கே ஒரு செல்லுக்குள் உட்கார்ந்து தன் டி.என்.ஏ.வைப் படியெடுத்துப் படியெடுத்து, பத்து நாளுக்குள் ஆயிரக்கணக்கில் பெருகி ரத்தத்தில் இறங்கும், அப்புறம்தான் காய்ச்சல். வைவாக்ஸில் ஒரு தந்திரம். சில கிருமிகள் பெருகாமல், ஒரே ஒரு உட்கருவோடு பக்கத்துச் செல்லில் சும்மா படுத்துக்கிடக்கும். ஹிப்னோசோயிட் என்பார்கள். சில வாரத்திலும் எழும், வருஷம் கழித்தும் எழும், தூங்கும்வரை ரத்தச் சோதனையில் சிக்காது.

சரி, சாப்பிட்ட மாத்திரை என்ன ஆயிற்று? ரத்தத்துக்கு வந்த கிருமி சிவப்பணுவுக்குள் இருந்துகொண்டு ஹீமோகுளோபினைத் தின்னும். தின்றதில் மிஞ்சும் ஹீம் என்ற இரும்புச்சத்துப் பகுதி அதற்கே விஷம், அதனால் அதைக் கருப்புப் படிகமாக்கி ஓரங்கட்டிவிடும். குளோரோகுயின் மாத்திரை அந்தப் படிகம் உருவாகவிடாது, கிருமி தின்ற சோறே விஷமாகிச் சாகும். கல்லீரலில் தூங்குகிற கிருமியோ ஹீமோகுளோபினைத் தொடுவதே இல்லை, அப்புறம் அதை இந்த மாத்திரை என்ன செய்யும்?

தூங்குவதைக் கொல்ல பிரைமாகுயின், வழக்கமாக 14 நாள். காய்ச்சல் மூன்றாம் நாளே விட்டுவிடுவதால் மிச்ச அட்டை சட்டைப் பையோடு சலவைக்குப் போய்விடுகிறது. (என் சொந்த மச்சானே இதைச் செய்தவர்.) அவரைத் திட்டாமல் கேட்டுப் பாருங்கள். முழுதாகச் சாப்பிட்டும் சிலருக்குத் திரும்புவது உண்டு. ஆனால் கடையில் நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்: ஜி6பிடி என்ற நொதி குறைந்தவர்களுக்கு இந்த மாத்திரை சிவப்பணுக்களையே உடைக்கும், அதைச் சோதித்துவிட்டுத்தான் தர வேண்டும். கர்ப்பிணிகளுக்குக் கூடவே கூடாது. சாப்பிடும்போது சிறுநீர் கறுத்தால் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: மலேரியாவுக்கு நடுவட்டத்து சிங்கோனா பட்டைக் கஷாயம் குடித்தால் போதும் என்கிறாரே எங்கள் தாத்தா?
– ஒரு வாசகர், கூடலூர்

பதில்: தாத்தா காலத்துக்கு அது சரி. ஆனால் பட்டைக்குப் பட்டை சத்து மாறும், அளவு தெரியாமல் குடித்தால் காது இரையும், இதயத் துடிப்பும் தடுமாறலாம். அதிலிருக்கும் கொயினா என்ற மருந்தும் ரத்தத்துக் கிருமியைத்தான் பிடிக்கும், தூங்குவதைத் தொடாது.

உங்கள் பக்கத்துக் கதை ஒன்று. மலேரியா கொசுவால் பரவுவதைக் கண்டறிந்த டாக்டர் ரொனால்ட் ராஸ், 1897இல் ஊட்டியிலிருந்து சீகூர் மலைப்பாதைப் பக்கம் மலேரியாவை ஆராயப் போய், தானே அதை வாங்கிக்கொண்டு திரும்பினார். அதே வருஷம் ஆகஸ்ட் 20இல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றை அறுத்துப் பார்த்தபோது, கிருமியை அவருக்குக் காட்டிக்கொடுத்தது மேலே சொன்ன அதே கருப்புப் படிகத் துகள்தான்.