ஜாவா ஃபெர்னுக்கு ஏதுங்க விதை?

கே: மீன்தொட்டிக்குள் வளர்க்கலாம் என்று ஆன்லைனில் ‘ஜாவா ஃபெர்ன் விதை’ பாக்கெட் 199 ரூபாய்க்கு வாங்கித் தூவினேன். ஏதோ முளைத்தது, தொட்டியில் தண்ணீர் நிரப்பியதும் அழுகிவிட்டது. பராமரிப்பு சரியில்லை என்கிறார் விற்றவர். (மதுரை)

ப: உங்கள் மேல் தப்பே இல்லை. ஃபெர்ன் (பெரணி) எதற்குமே விதை கிடையாது, பள்ளிக்கூடத்துப் பாடம் இது. ஸ்போர் என்னும் தூள் போன்ற வித்துகளில் பெருகும், ரைசோம் என்னும் கிடைத்தண்டை வெட்டினால் பெருகும், ஜாவா ஃபெர்ன் என்றால் இலை நுனியிலேயே குட்டி போடும். ஆக, பாக்கெட்டில் அச்சடித்த பெயரே பொய். உள்ளே இருந்தது வேறு ஏதோ செடியின் விதை. இதையும் விற்றுவிட்டு வாங்கியவர் மேலேயே பழி போடுகிறார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை. 2020-இன் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்னது ஒன்று, வந்தது வேறு என்றால் விற்றவர் பணத்தைத் திருப்பித்தர மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் வந்து சேர்ந்ததாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். முதலில் அந்த விற்பனைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கு இருக்காது. மசியவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். 199 ரூபாய்தானே என்று விட்டுவிடாதீர்கள், அவர்கள் நம்பியிருப்பதே அதைத்தான்.

கே: கொளத்தூரில் வாங்கிய ஜாவா ஃபெர்னில் இலைக்கு அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள். நோய்ச் செடியைத் தலையில் கட்டிவிட்டார்களா?

ப: ஸ்போர்க் கூடுகள் அவை. கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

கே: நன்றாக ஆழமாக மணலில் நட்டும் ஒரு மாதத்தில் கறுத்து அழுகுகிறது. இது நாலாவது செடி. நல்ல கடை சொல்லுங்கள்.

ப: கடை என்ன செய்யும்? ரைசோமைப் புதைத்தால் அழுகத்தான் செய்யும். கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டுங்கள். மூன்று செடி போனபோதே கேட்டிருக்கலாம்.

கே: வெட்டிப் பெருக்குவதற்குப் போல்பிட்டிஸ் என்ற ஃபெர்ன் வாங்கலாமா? ஒரு சின்னச் சட்டி 650 ரூபாய் சொல்கிறார்கள்.

ப: பொறுமை இருந்தால் வாங்கலாம். ஆப்பிரிக்க ஓடைகளில் வளர்வது, ரொம்ப மெதுவாகத்தான் நகரும். சட்டிக்குள் செடியைச் சுற்றியிருக்கும் பஞ்சைப் பிரித்துக் காட்டச் சொல்லி, பார்த்து வாங்குங்கள். நான் ஒரு முறை வாங்கியதில் பஞ்சுக்குள் நாலு இலைக்காம்பு செருகியிருந்தது, ரைசோம் என்று நகக்கண் அளவுகூட இல்லை. விரல் நீளத்துக்கு ரைசோம் இருந்தால், துண்டுக்கு மூன்று நான்கு இலையாவது நிற்கும்படி புது பிளேடால் வெட்டலாம்.

கே: தொட்டியில் சால்வினியா (தண்ணீரில் மிதக்கும் ஃபெர்ன்) மண்டிவிட்டது. பக்கத்து ஏரியில் விடலாமா?

ப: கூடவே கூடாது. அதன் இனமான ஆப்பிரிக்கன் பாயல் கேரளத்து வாய்க்கால்களை என்ன பாடு படுத்துகிறது என்று பாருங்கள். வெயிலில் காயவைத்து உரக்குழியில் போடுங்கள்.