ராத்திரி டியூட்டில எத்தன பேர்? – சிஸ்டர் பதில்கள்

கேள்வி: சிஸ்டர், எனக்கு 74 வயசு, வீட்டுக்காரிக்கு 70. மகன் மஸ்கட்ல, மகள் அயர்லாந்துல நர்ஸ். ரெண்டு பேரும் சேந்து கோயம்புத்தூர்ல சீனியர் லிவிங் ஃபிளாட் ஒண்ணு பாத்து வச்சிருக்காங்க. கொண்டுபோய் முதியோர் இல்லத்துல விட்டுட்டாங்கன்னு ஊர் பேசுமோன்னு இருக்கு. போலாமா?
– ஒரு வாசகர், கருங்கல்

பதில்: ஊர் பேசும் அண்ணாச்சி, போனாலும் பேசும், தனியா கெடந்தாலும் பேசும், அத விடுங்க. சீனியர் லிவிங்னா நடமாட்டம் உள்ளவங்களுக்கான ஃபிளாட், சாப்பாடு செக்யூரிட்டி எல்லாம் இருக்கும். அசிஸ்டட் லிவிங்னா குளிக்க, உடுத்த, மாத்திர எடுக்க, பாத்ரூம் போக ஆள் துணை. நோட்டீஸ்ல ரெண்டையும் ஒண்ணா கலந்துதான் போடுவாங்க, பின்னால ஆள் துணை வேணும்னு வரும்போதுதான் அதுக்கு தனி பில்லுன்னு தெரியும். அதனால காசு கட்டுறதுக்கு முன்னால ரெண்டு பேரும் கொஞ்ச நாள் கெஸ்ட் ரூம்ல தங்கிப் பாருங்க, நீச்சல் குளத்த எல்லாரும் காட்டுவாங்க, நீங்க ராத்திரி எழும்பி இப்ப டியூட்டில எத்தன பேர்னு கேளுங்க. நாளைக்கு மறதி நோய் வந்தா வச்சிப் பாப்பீங்களா இல்ல மகனுக்கு போன் போட்டு கூட்டிட்டுப் போன்னு சொல்லுவீங்களா, ரெண்டு பேர்ல ஒருத்தர் போயிட்டா மாசக் கட்டணம் எவ்வளவு, அட்வான்ஸ் எப்ப திரும்ப வரும், இதெல்லாம் எழுத்துல வாங்கணும். மத்திய அரசு 2019ல இந்த மாதிரி குடியிருப்புகளுக்கு மாதிரி வழிகாட்டுதல் போட்டிருக்கு, ஆனா பேரே மாதிரி தான், மாநிலம் எடுத்துக்கிட்டாதான் பிடி கெடைக்கும். அப்புறம் இன்னொண்ணு, அங்க நிறைய இடத்துல சுத்த சைவம். சாள மீன் கறியும் மரச்சீனிக் கிழங்கும் இல்லாம உங்களுக்கு எத்தன நாள் ஓடும்னும் யோசிச்சுக்கிடுங்க, சிரிக்காதீங்க, சாப்பாடு பிடிக்காம திரும்பி வந்தவங்க உண்டு.

கேள்வி: மாமியார் ஸ்ட்ரோக் வந்து படுத்த படுக்கை. ஏஜென்சி மூலமா 24 மணி நேர ஹோம் நர்ஸ் வச்சிருக்கோம், ராத்திரி நல்லா தூங்கிடுறாங்க, இது மூணாவது ஆள். என்ன செய்ய?
– ஒரு வாசகி, குலசேகரம்

பதில்: மக்களே, 24 மணி நேரம் முழிச்சிருக்க மனுஷி எங்கயும் கெடையாது, ஏஜென்சிக்காரன் அப்படி சொல்லி வித்தா அது அவன் வியாபாரம். படுக்கையில கெடக்கிறவங்கள ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பெரட்டிப் படுக்க வைக்கணும், ஏர் பெட் வாங்கிட்டாலும் பெரட்டணும். இத ஒரே ஆள் பகலும் ராத்திரியும் செய்ய முடியாது, பகலுக்கு ஒரு ஆள், ராத்திரிக்கு ஒரு ஆள், முடியலன்னா வீட்டு ஆம்பளைங்களும் சேந்து மொற போட்டுக்கிடணும், அவங்க அம்மா தானே. தெனமும் குளிப்பாட்டும்போது வால் எலும்பு, இடுப்பு, குதிகால் மூணையும் பாருங்க, செவந்திருந்தா விரலால அமுக்குங்க, வெளுக்காம செவப்பாவே நின்னா படுக்கைப்புண் ஆரம்பிச்சாச்சு, அந்தப் பக்கம் படுக்க வைக்காம டாக்டர்ட்ட காட்டுங்க. சும்மா தேச்சு விடாதீங்க. 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வந்து பிசியோதெரபி, பாலியேட்டிவ் கேர்னு சொல்ற வலி, அவதி குறைக்கிற பராமரிப்பு எல்லாம் செய்யறாங்க, உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல போய் பேர் குடுங்க.

இத சொல்லாம இருக்க முடியல. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துப் பிள்ளைங்க லண்டன்லயும் குவைத்லயும் அடுத்தவங்க அப்பா அம்மாவ பாத்துக்கிட்டு இருக்கு, இங்க ஹோம் நர்ஸ்னு வர்ற நிறைய பேருக்கு ஒரு நாள் பயிற்சி கெடையாது, நாம குடுக்குற சம்பளத்துல ஏஜென்சி கமிஷன் போக மிச்சந்தான் அவங்களுக்கு. கட்டடம் எத்தன வேணா எழும்பட்டும், இந்த வேலைக்கு பயிற்சியும் மரியாதையான சம்பளமும் வராத வரைக்கும் அசிஸ்டட் லிவிங்னு பேசுறது எல்லாம் ஃபிளாட் யாவாரம் தான்.

கேள்வி: அம்மா வீட்ட அண்ணன் பேருக்கு எழுதிக் குடுத்துட்டாங்க, இப்ப அண்ணன் கஞ்சி கூட ஒழுங்கா குடுக்கல. பத்திரத்த ரத்து செய்ய முடியுமா?
– ஒரு வாசகி, தக்கலை

பதில்: வழி இருக்கு. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் சட்டம் 2007, பிரிவு 23. பாத்துக்கிடணும்னு எழுதிக் குடுத்து, பாக்கலன்னா தீர்ப்பாயம் அத செல்லாதுன்னு சொல்லலாம், ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) ஆபீஸ்ல மனு குடுக்கணும். பத்திரத்துல பாத்துக்கிடணும்னு ஒரு வரி இருந்தா கேஸ் பலமா நிக்கும். 2025 ஜனவரில சுப்ரீம் கோர்ட் இந்தச் சட்டத்த வயசானவங்களுக்கு சாதகமா தாராளமா பொருள் கொள்ளணும்னு சொல்லிருக்கு. மாசம் ஜீவனாம்சமும் கேக்கலாம், சட்டப்படி 10,000 ரூபாய் வரைக்கும். மொதல்ல 14567க்கு போன் போடுங்க, மூத்த குடிமக்கள் ஹெல்ப்லைன் அது. இனிமே எழுதிக் குடுக்கப் போற அம்மமாருக்கு: ஆயுசு முழுக்க அந்த வீட்ல இருக்க உரிமை எனக்குன்னு எழுதாம கையெழுத்து போடாதீங்க.

கேள்வி: இன்னும் இருவது வருஷத்துல ரோபோவே பாத்துக்கிடும்னு சொல்றாங்களே சிஸ்டர்?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: விழுந்தா மகனுக்கு மெசேஜ் அனுப்புற வாட்ச் இப்பவே இருக்கு தம்பி. மஸ்கட்ல மெசேஜ் போய் சேரும், தூக்கி விடறது யாரு? ஜப்பான் ரோபோவ பத்திதான் எல்லாரும் பேசுறாங்க, ஆனா அங்க 2000லயே நீண்டகாலப் பராமரிப்புக்குன்னு தனி இன்சூரன்ஸ் கொண்டு வந்துட்டாங்க, 40 வயசுலேர்ந்து எல்லாரும் பிரீமியம் கட்டறாங்க, அந்தக் காசும் வரிப்பணமும் சேந்துதான் வீட்டுக்கு ஆள் வருது. நம்ம நாட்டுல 2024 கடைசியில 70 வயசு தாண்டின எல்லாருக்கும் வருமானம் பாக்காம 5 லட்சம் காப்பீடு வந்தது நல்லதுதான், ஆனா அது ஆஸ்பத்திரில அட்மிட் ஆனா மட்டும், வீட்டுக்கு வந்தப்புறம் யாரு குளிப்பாட்டுவாங்கிறதுக்கு அதுல ஒரு பைசா கெடையாது. நம்மளும் ஜப்பான் மாதிரி ஒரு இன்சூரன்ஸ இப்பவே ஆரம்பிச்சாதான் உங்க செட்டு வயசாகும்போது கைகொடுக்கும்.

அதுவரைக்கும் களியக்காவிளை தாண்டினா கேரளால பஞ்சாயத்துகள் நடத்துற பகல்வீடு இருக்கு, காலைல வந்து பேசி சாப்பிட்டு சாயங்காலம் வீட்டுக்குப் போலாம், அத நம்மளும் செய்யலாம். சர்ச் ஹாலும் சமுதாயக் கூடமும் கல்யாணம் இல்லாத நாள்ல பூட்டித்தானே கெடக்கு, சாவி யார்ட்ட இருக்குன்னு கேட்டு அடுத்த கமிட்டி மீட்டிங்ல பேசுங்க.