பரணில் கிடைத்த சோதிட ஓலை: எந்த மொழி, எந்த எழுத்து?

கேள்வி: திருநெல்வேலிப் பக்கம் எங்கள் பூர்வீக வீட்டுப் பரணில் ஓர் ஓலைக்கட்டு கிடைத்தது. கட்டங்கள் இருப்பதால் சோதிடம் என்று தெரிகிறது, எழுத்துப் பிடிபடவில்லை. பார்த்த ஒருவர், ஆயிரம் ஆண்டுப் பழைமையான, வட்டெழுத்தில் எழுதிய நாடிச் சோதிடம் என்றும், தம்மால் மட்டுமே படிக்க முடியும் என்றும் சொல்லிப் பெருந்தொகை கேட்கிறார். நம்பலாமா?

பதில்: பணம் கொடுக்க அவசரப்படாதீர்கள். பாண்டிய நாட்டில் வட்டெழுத்து என்னும் பழைய வரிவடிவம், சோழர் ஆட்சிக்குப் பின் 11-ஆம் நூற்றாண்டு வாக்கில் தமிழெழுத்துக்கு இடம்விட்டு, மலைநாடாகிய கேரளப் பகுதியில் மட்டுமே நெடுங்காலம் வழங்கியது. ஓலையோ நம் வெப்பத்துக்கும் பூச்சிக்கும் தப்பி முந்நூறு ஆண்டைத் தாண்டுவது அரிது; வீடுகளில் அகப்படுபவை பெரும்பாலும் 18, 19-ஆம் நூற்றாண்டுப் படிகளே. ஆகவே உங்களை மிரட்டுவது அநேகமாக நம் தமிழெழுத்துதான்.

அது ஏன் அந்நியமாகத் தெரிகிறது? எழுத்தாணி ஓலையைப் பொத்துவிடும் என்பதால் மெய்க்குப் புள்ளி வைப்பதில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வரிவடிவில் வேறுபாடு இல்லை. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். சொற்களுக்கிடையே இடமும் விடுவதில்லை. கொம்பு, ககரம், கால் என்று வரும் ஒரே வடிவத்தைக் கொ, கோ, கெர, கேர, கெர், கேர் என ஆறு விதமாகப் படிக்க இடமுண்டு. ‘செவ்வாய்’ என்பது ‘செவவரய’ என்று கண்ணில் படும். விளக்கை ஓலையின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, கோள், ராசிப் பெயர்களை முதலில் தேடுங்கள். அவை அகப்பட்டால் மற்றவை மெல்லப் பிடிபடும்.

எழுத்து வேறு, மொழி வேறு என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். குடும்ப ஜாதக ஓலைகளின் தொடக்கத்தில் ‘ஜனனீ ஜன்ம சௌக்யானாம்’ என்னும் வடமொழிச் சுலோகம் பெரும்பாலும் கிரந்த எழுத்தில் (தமிழ்நாட்டில் வடமொழி எழுதப் பயன்பட்ட எழுத்து) இருக்கும். அதன் பின் ஆண்டு, மாதம், நட்சத்திரம், உதயாதி நாழிகை (சூரிய உதயத்திலிருந்து கணக்கிட்ட பிறந்த நேரம்), ‘கர்ப்பச்செல் நீக்கி இருப்பு’ என்று பிறக்கும்போது மீதமிருந்த கோள் திசையின் கணக்கு எல்லாம் தமிழில் வரும். இந்த அமைப்புத் தென்பட்டால் அது உங்கள் முன்னோர் ஒருவரின் ஜாதகமே. எண்கள் தமிழ் இலக்கங்களாக இருக்கும். உங்கள் பகுதியில் கொல்லம் ஆண்டு வழக்கில் இருந்ததால், ‘௲௫௰’ என்றிருந்தால் அது கொல்லம் 1050, அதாவது 1874-75. சக ஆண்டு என்னும் மற்றோர் ஆண்டுக்கணக்காயின், ஆங்கில ஆண்டு அறிய 78 கூட்டுங்கள். முன்னோரின் பிறந்த ஆண்டே இப்படிக் கிடைத்துவிடுகிறது. எந்தப் பலனையும்விட இதுவே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கட்டு முழுவதும் செய்யுளாக இருந்தால் சோதிட நூலாகவோ நாடியாகவோ இருக்கலாம். நாடிக்கென்று தனி மொழியோ மறைவெழுத்தோ கிடையாது: சந்திர கலா நாடி வடமொழியிலும் சப்தரிஷி நாடி தமிழ்ச் செய்யுளிலும் அமைந்தவை, இரண்டும் அச்சேறியவை. அதனால் ‘என்னால் மட்டுமே’ என்ற பேச்சைத் தள்ளிவிடுங்கள்.

ஓலைகளின் வரிசை குலையாமல் இருபுறமும் படமெடுத்து, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறையிலோ, சரசுவதி மகால் நூலகத்திலோ, சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலோ காட்டிக் கேளுங்கள். அதுவரை கட்டின் கயிற்றை உருவ வேண்டாம்.