சம்பளம் இல்லாத இன்டர்ன்ஷிப்புக்கும் சிபிடி வேண்டுமா?

கேள்வி: எஃப்-1 மாணவர் விசாவில் அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கிறேன். ஜூன் 1 முதல் ஒரு ஸ்டார்ட்அப்பில் சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. "காசே வாங்கலையே, அதுக்கு எதுக்கு சிபிடி? சும்மா போய்ச் சேரு" என்கிறார் சீனியர். சேரலாமா?

பதில்: சேராதீர்கள். சிபிடி (படிக்கும்போதே படிப்பு சார்ந்த வேலை செய்யத் தரும் அனுமதி) வாங்கிக்கொண்டு சேருங்கள்.

உங்கள் சீனியர் யாரென்று தெரியாது, ஆனால் இப்படி ஒருவர் எல்லா யுனிவர்சிட்டியிலும் இருக்கிறார். எங்கள் வாட்ஸப் குழுவிலும் ஒரு அண்ணா இருந்தார். "சம்பளம் வாங்கினாத்தாம்மா வேலை, வாங்கலைன்னா அது சேவை" என்பார். அவர் ஓபிடியை (பெரும்பாலும் படிப்பு முடிந்தபின் எடுக்கும் வேலைப் பயிற்சி அனுமதி) முடித்து எச்-1பி வேலை விசாவுக்குப் போய்விட்டார். அவர் பேச்சைக் கேட்டு ஏதாவது ஆனால் முடக்கப்படுவது உங்கள் செவிஸ் பதிவு (வெளிநாட்டு மாணவர்களைப் பற்றி அரசாங்கம் வைத்திருக்கும் கணினிப் பதிவு), அவருடையது அல்ல.

கோயிலில் அன்னதானம் பரிமாறுவதும் உணவு வங்கியில் மூட்டை பிரிப்பதும் தொண்டு. லாபத்துக்காக நடக்கும் ஒரு கம்பெனியில், மற்றவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்யும் வேலையை நீங்கள் இலவசமாகச் செய்தால் அது தொண்டாகிவிடாது. அதுவும் உங்கள் படிப்பைச் சேர்ந்த வேலை. சம்பளம் இல்லாத இன்டர்ன்ஷிப்புக்கும் சிபிடி தருவார்கள், அதற்குத் தடை கிடையாது. கேட்டாலே கிடைக்கக்கூடியதை ஏன் கேட்காமல் விட வேண்டும்?

நான் வக்கீல் இல்லை. "எங்க காலேஜ்ல வேற மாதிரி" என்று கமென்டில் வரப்போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஆமாம், படிவமும் கால அளவும் காலேஜுக்குக் காலேஜ் மாறும். அடிப்படை விதி மாறாது. ஒரு முழுக் கல்வியாண்டு படித்திருக்க வேண்டும் (முதல் செமஸ்டரிலேயே பயிற்சியைக் கட்டாயமாக்கும் சில மேற்படிப்புகளுக்கு மட்டும் விலக்கு). வேலை உங்கள் பாடத்திட்டத்தின் அங்கமாக இருக்க வேண்டும். அனுமதி தருபவர் உங்கள் காலேஜின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் இருக்கும் டிஎஸ்ஓ. ஓபிடி மாதிரி அரசாங்கத்துக்கு மனுப் போட்டு, பணம் கட்டி, கார்டு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. டிஎஸ்ஓ செவிஸில் ஏற்றி, புது ஐ-20 (காலேஜ் தரும் மாணவர் தகுதிச் சான்று) தருவார். அதன் இரண்டாம் பக்கத்தில் கம்பெனி பெயர், முழுநேரமா பகுதிநேரமா, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று அச்சாகி வரும். அந்தக் கம்பெனியில், அந்தத் தேதிகளுக்குள் மட்டும்தான் வேலை செய்யலாம். முன் தேதியிட்டு வாங்க முடியாது.

இந்தக் கடைசி வாக்கியத்தால்தான் இந்தப் பதிலையே எழுத உட்கார்ந்தேன்.

நான் 2018 ஆகஸ்டில் டெக்சாஸில் ஒரு யுனிவர்சிட்டிக்கு எலக்ட்ரிகல் எம்.எஸ். படிக்க வந்தேன். விருதுநகரில் வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்துத்தான் அப்பா லோன் எடுத்தார். அடுத்த கோடைக்கு சிகாகோ பக்கம், ஆஸ்பத்திரிக் கருவிகள் செய்யும் ஒரு கம்பெனியில் இன்டர்ன்ஷிப் கிடைத்தது. சேர வேண்டிய தேதி மே 20. ஆஃபர் லெட்டரில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதாமல் விட்டிருந்தார்கள். அந்த ஒரு வரிக்காக எங்கள் சர்வதேச அலுவலகம் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியது. கம்பெனியின் எச்ஆரோ அந்த ஒரு வரியைச் சேர்த்துத் தர ஆற அமர நேரம் எடுத்துக்கொண்டார். கையெழுத்துப் போட வேண்டிய பேராசிரியர் அதற்குள் கான்ஃபரன்ஸுக்குப் போய்விட்டார். கடைசியில் வந்த ஐ-20-இல் மே 28 என்று இருந்தது.

நடுவில் ஒரு வாரம் இடிக்கிறது. முதல் வாரப் பயிற்சி ஆன்லைனில்தான் என்று கம்பெனி லேப்டாப்பை கூரியரில் அனுப்பியே விட்டது. மேனேஜர் போன் பண்ணி, "சும்மா லாகின் செய்து வீடியோ பார், மீட்டிங்கில் உட்கார், அதை யாரும் வேலை என்று சொல்ல மாட்டார்கள்" என்றார். நல்ல மனிதர்தான், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் விசா விதி அவருக்கு எப்படித் தெரியும்? அவர் வாழ்க்கையில் ஐ-20 என்ற காகிதத்தையே பார்த்திருக்க மாட்டார். ஊரிலிருந்து அப்பாவும், "கம்பெனிக்காரங்களே சொல்றாங்கள்லம்மா, அனுசரிச்சுப் போயேன்" என்றார். கடன் வாங்கியவருக்கு வேறு என்ன தோன்றும்?

நான் பெட்டியைப் பிரிக்கவில்லை. என் அனுமதி மே 28-இல்தான் தொடங்குகிறது, அதற்கு முன் உங்கள் சிஸ்டத்தைத் தொட எனக்கு உரிமை இல்லை, சேரும் தேதியைத் தள்ளித் தர முடியுமா என்று மேனேஜருக்கும் எச்ஆருக்கும் சேர்த்து ஒரே மெயில் போட்டேன். பதில் வரும்வரை சோறு இறங்கவில்லை. ஆஃபரே போய்விட்டது என்றுதான் நினைத்தேன். கடைசியில் எச்ஆரிடமிருந்து பதில் வந்தது: அவர்களுடைய வக்கீலும் இதையேதான் சொன்னாராம், மே 28-க்கே வா. கூரியர் டேப் கிழியாமல் அந்தப் பெட்டியை அப்படியே சிகாகோவுக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

சேர்ந்த அன்று, வேலை செய்ய அனுமதி இருக்கிறதா என்று சரிபார்க்கும் ஐ-9 படிவம் நிரப்பும்போது எச்ஆர் அம்மா பாஸ்போர்ட், ஐ-94 (நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு), ஐ-20 மூன்றையும் வாங்கினார். ஐ-20-இன் முதல் பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை. நேரே இரண்டாம் பக்கத்துக்குப் போய், கம்பெனி பெயரிலும் தேதியிலும் விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டுத்தான் படிவத்தில் எழுதினார். முந்தைய வாரமே நான் லாகின் செய்திருந்தால், அதே கம்பெனியின் சிஸ்டத்தில் அதற்கான பதிவும் இருந்திருக்கும்.

"இதுக்கெல்லாம் இவ்வளவு பயமா" என்று கேட்பவர்களுக்கு: 2019 ஜனவரியில் மிச்சிகனில் ஃபார்மிங்டன் யுனிவர்சிட்டி விவகாரம் வெடித்தபோது நான் இரண்டாவது செமஸ்டரில் இருந்தேன். குடியேற்ற அதிகாரிகளே நடத்திய போலி யுனிவர்சிட்டி அது. வகுப்பும் கிடையாது, வாத்தியாரும் கிடையாது. பெயரைப் பதிந்துவிட்டு சிபிடி காட்டி வேலை பார்த்த மாணவர்கள் 130 பேர் அளவில் பிடிபட்டார்கள். பெரும்பாலும் இந்தியர்கள், அதிலும் தெலுங்குப் பிள்ளைகள் நிறையப் பேர். இந்தியத் தூதரகம் 24 மணி நேர உதவி எண்ணே திறந்தது. என் ரூம்மேட் ஹைதராபாத் பெண். அந்த வாரம் முழுக்க அவளுக்கு ஊரிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. அந்த வழக்கும் உங்கள் விஷயமும் ஒன்றல்ல, தெரியும். ஆனால் பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்ப் இருக்கிறது, காலேஜில் பெயர் இருக்கிறது, அதனால் எதுவும் செய்யலாம் என்ற நினைப்பு அங்கேயும் இருந்தது. ஆள் பிடித்துக் கொடுத்துக் காசு பார்த்த ஏஜென்டுகள் மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை.

செலவையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் காலேஜில் சிபிடி எடுக்க வேண்டுமானால் கோடையில் ஒரு கிரெடிட் பதிய வேண்டும், வெளிமாநிலக் கட்டணத்தில். பாடம் எதுவும் நடக்காது, கடைசியில் ஒரு அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். பாடத்திட்டத்தின் அங்கமாக இருக்க வேண்டும் என்ற விதியைக் காட்டி இப்படி வசூலிப்பது அநியாயம். எனக்கு முதல் சம்பளம் வருவதற்கு முன்பே அந்தப் பணம் போய்விட்டது. உங்களுக்கோ சம்பளமே இல்லை, அதனால் இதை இப்போதே விசாரித்துவிடுங்கள்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான். வெளியூரில் இன்டர்ன்ஷிப் என்றால் இருக்கிற அறையை சப்லீஸ் விடுவீர்கள். நம்ம ஊர்ப் பையன்தானே என்று வாய்வார்த்தையில் விடாதீர்கள். என் அறைக்கு வந்தவர் ஜூலை வாடகையைத் தராமலே காலி செய்துவிட்டுப் போனார். லீஸ் என் பெயரில் இருந்ததால் இரண்டு ஊரிலும் நானே கட்டினேன். பிறகு அதே வாட்ஸப் குழுவில் அவர் பண்டிகை வாழ்த்து போட்டுக்கொண்டிருந்தார், ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். இன்றைக்கே அந்த ஸ்டார்ட்அப்பிடம் முறையான ஆஃபர் லெட்டர் கேளுங்கள். கம்பெனி முகவரி, தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்ன வேலை, சம்பளம் இல்லை என்பது உட்பட எல்லாம் அதில் இருக்கட்டும். 20 மணி நேரம்வரை பகுதிநேரம், அதற்கு மேல் போனால் முழுநேரம். முழுநேர சிபிடி 12 மாதமோ அதற்கு மேலோ எடுத்தால்தான் அதே படிப்புக்கான ஓபிடி போகும், ஒரு கோடைக்கு அந்தக் கவலை வேண்டாம். அப்படி ஒரு லெட்டர்கூடத் தர மாட்டோம் என்கிற கம்பெனியில் இலவசமாக உழைத்து உங்களுக்கு என்ன கிடைக்கப் போகிறது?

ஜூன் 1-க்குள் ஐ-20 வராது என்று தோன்றினால் தேதியைத் தள்ளிக் கேளுங்கள். நாளைக்குச் சம்பளம் தரும் இன்டர்ன்ஷிப் கிடைத்தால் முதல் பே ஸ்டப்பை (சம்பளச் சீட்டை) பாருங்கள். எஃப்-1-இல் முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளுக்குள் இருக்கும் நமக்கு சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரி கிடையாது. எனக்கு அந்த 7.65 சதவீதத்தைப் பிடித்துவிட்டார்கள், கேட்ட பிறகுதான் திருப்பித் தந்தார்கள். பழைய ஐ-20 எதையும் தூக்கிப் போடாதீர்கள். எனக்கு எச்-1பி மனுப் போட்ட வக்கீல் முதலில் கேட்டதே எல்லா ஐ-20-களின் நகலைத்தான், இரண்டாம் பக்கத்தோடு.