விசாரணை முடியுமுன் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) கொல்லப்பட்டால் வழக்கு என்னவாகும்?

கேள்வி: ஒரு கொலை வழக்கில் என் அண்ணன் இரண்டாவது எதிரி. ஜாமீனில் இருந்தார். சாட்சி விசாரணை நடந்துகொண்டிருந்தபோது, வாய்தாவுக்குப் போகும் வழியில் அவரை வெட்டிக் கொன்றுவிட்டார்கள். “கேஸ் அத்தோட முடிஞ்சுது” என்கிறார்கள். அப்படியானால் அவர் நிரபராதி ஆகிவிட்டாரா? ஜாமீன் கொடுத்த மாமாவுக்குச் சிக்கல் வருமா? எங்களுக்கு இழப்பீடு உண்டா?

பதில்: முடிவது உங்கள் அண்ணன் மீதான வழக்கு மட்டும்தான். இறந்தவரை விசாரித்துத் தண்டிக்க முடியாது என்பதால் அவரளவில் வழக்கு அற்றுப்போகும். மற்ற எதிரிகள் மீதான விசாரணை தொடரும். சொத்துக்குவிப்பு வழக்கு நினைவிருக்கும். ஜெயலலிதா 2016 டிசம்பரில் காலமானதால் அவர் தொடர்பான மேல்முறையீடு அற்றுப்போனது. சசிகலா உள்ளிட்ட மூவரும் 2017 பிப்ரவரித் தீர்ப்புக்குப் பின் சிறைக்குப் போனார்கள்.

ஆனால் இது தானாக நடக்காது. கொலை நடந்தது ஊருக்கே தெரியும், கோர்ட்டுக்குத் தெரியாதா என்று இருந்துவிடாதீர்கள். வழக்குக் கோப்பில் இறப்புக்கான காகிதம் சேராதவரை அண்ணன் ‘ஆஜராகாத எதிரி’தான், பிடிவாரண்ட் பிறக்கலாம், மாமாவுக்கும் நோட்டீஸ் வரலாம். வழக்கறிஞர் மூலம் இறப்புச் சான்றிதழை மெமோவுடன் தாக்கல் செய்யுங்கள். போலீசிடம் அறிக்கை பெற்று நீதிபதி உத்தரவிடுவார். அதன் சான்றிட்ட நகலை வாங்கி வையுங்கள். மாமாவின் பிணைப் பொறுப்பு மரணத்தோடு தீர்ந்துவிடும்; ரொக்கமோ ஆர்.சி. புத்தகமோ கொடுத்திருந்தால் மனுப் போட்டுத் திரும்பப் பெறலாம்.

நிரபராதியா என்றால், விடுதலையும் இல்லை, தண்டனையும் இல்லை. குற்றம் நிரூபிக்கப்படாத மனிதராகவே அவர் இறந்தார். பெயரைத் துடைப்பதற்காக விசாரணையைத் தொடரச் சொல்லிக் கேட்க வழியில்லை. சிறைத் தண்டனை பெற்று, மேல்முறையீட்டின்போது இறந்திருந்தால் மட்டும் நெருங்கிய உறவினர் 30 நாட்களுக்குள் அனுமதி கேட்டு அதை நடத்தலாம் (குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ், பிரிவு 435).

இனி உங்கள் கவனம் அண்ணன் கொல்லப்பட்ட வழக்கில்தான் இருக்க வேண்டும். நேற்றுவரை நீங்கள் எதிரியின் குடும்பம். இந்த வழக்கில் அவருடைய வாரிசுகள் சட்டப்படி ‘பாதிக்கப்பட்டவர்கள்’. புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். புலனாய்வு எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் போலீஸ் தெரிவிக்க வேண்டும். அரசு வழக்கறிஞருக்கு உதவ உங்கள் தரப்பில் வழக்கறிஞர் வைக்கலாம். கொலையாளிகள் விடுதலையானால் மேல்முறையீடும் செய்யலாம். “அவனே கொலைக் கேஸ் எதிரிதானே” என்று ஸ்டேஷனில் யாராவது இழுத்தால் தயங்காமல் எஸ்.பி.க்கு எழுதுங்கள்.

பழிக்குப் பழி வழக்குகளில் குடும்பங்களே செய்யும் கெடுதல் ஒன்று உண்டு. எதிர்த்தரப்பில் பெரியப்பா முதல் மைத்துனன்வரை எல்லோர் பெயரையும் வாக்குமூலத்தில் சேர்த்துவிடுவது! சம்பவ நேரத்தில் வெளியூரில் இருந்த ஒருவர் பெயர் அதில் இருந்தால் போதும், குறுக்கு விசாரணையில் உண்மையான சாட்சியும் ஆட்டம் காணும். கண்ணால் பார்த்தவர் பார்த்ததை மட்டும் சொல்லட்டும்.

இழப்பீட்டுக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பியுங்கள். தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தொகையை ஆணைக்குழு விசாரித்து முடிவு செய்யும். இறந்தவர் மீது வழக்கு இருந்தது என்ற பேச்சு அங்கே எழலாம். அவரை நம்பியிருந்தவர்கள் யார், வருமானம் என்ன என்பதற்கான ஆவணங்களைக் கையில் வையுங்கள்.

அண்ணன் ஜாமீனில் இல்லாமல் காவலில் இருந்தபோது இது நடந்திருந்தால் அரசின் பொறுப்பு இன்னும் கூடும். 2023 ஏப்ரலில் பிரயாக்ராஜில் உத்தரப் பிரதேச முன்னாள் எம்.பி. அதீக் அகமதுவும் அவர் தம்பியும் போலீஸ் பிடியில், கேமராக்கள் முன்னிலையில் சுடப்பட்டார்கள். காவலில் நேரும் மரணத்துக்கு மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம். உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு மூலம் அரசிடமே இழப்பீடு கோரலாம். 1993-இல் நிலபதி பெஹெரா வழக்கில் காவலில் இறந்த இளைஞரின் தாய்க்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வழங்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதிலிருந்து இந்த வழி உறுதியானது.

கடைசியாக ஒன்று. 2024 டிசம்பரில் திருநெல்வேலி நீதிமன்ற வாசலிலேயே ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். உங்கள் வீட்டில் யாராவது கண்கண்ட சாட்சியாக இருந்து மிரட்டல் வந்தால், 2018 சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில் இப்போதே மனுக் கொடுங்கள். மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு, போலீசிடம் அச்சுறுத்தல் அறிக்கை கேட்டு முடிவு செய்யும்.