குளவிக்கூட்டுக்கு ஆண்டு ஒப்பந்தமா?

கேள்வி: ஜன்னல் மூலை, பிளக் பாயின்ட், பூஜை அலமாரியின் பின்புறம் என்று எங்கள் வீட்டில் குளவி மண்கூடு கட்டாத இடமே இல்லை. பூச்சி ஒழிப்பு நிறுவனம் ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருந்து அடிக்க ஆண்டு ஒப்பந்தமாக 6,000 ரூபாய் கேட்கிறது. கொடுக்கலாமா? (வாசகி, மதுரை)

பதில்: கொடுக்காதீர்கள். மண்கூடு கட்டுவது தனித்து வாழும் குளவி. காவலுக்குக் கூட்டம் கிடையாது. கையில் பிடித்து நசுக்கினாலொழியக் கொட்டுவதும் அரிது. பெண் குளவி ஈரமண்ணை உருண்டை உருண்டையாகக் கொண்டுவந்து அறை கட்டும். சிலந்தியையோ பச்சைப்புழுவையோ கொட்டி மயக்கி உள்ளே அடுக்கும். ஒரு முட்டை இட்டு வாயை அடைத்துவிட்டுப் போய்விடும். ஒரு கூட்டைப் பெயர்த்து உடைத்துப் பாருங்கள்: கால் மடங்கிய சிலந்திகள் நெருக்கமாகக் கிடக்கும், நடுவே குளவியின் குஞ்சான வெளிறிய புழு ஒன்று அவற்றைத் தின்றுகொண்டிருக்கும். குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று நம் முன்னோர் சொன்னது இதைப் பார்த்துத்தான். இரையாக வந்த பச்சைப்புழு வேறு, குளவியின் குஞ்சு வேறு என்பது மட்டும் அவர்கள் கண்ணில் படவில்லை.

கூட்டில் வட்ட ஓட்டை தெரிந்தால் குஞ்சு பறந்துவிட்டது என்று பொருள். பழைய கத்தியால் சுரண்டி ஈரத்துணியால் துடைத்தால் வேலை முடிந்தது. பிளக் பாயின்டில் மட்டும் ஆணியோ கம்பியோ விட்டுக் குடையாதீர்கள், ஸ்பிரேயும் அடிக்காதீர்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனை விட்டுத் திறந்து சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பயன்படாத பாயின்ட்டுகளுக்குப் பிளாஸ்டிக் மூடி வாங்கிப் போடுங்கள். ஏ.சி. குழாய் நுழையும் துளையை வெள்ளை சிமென்டால் அடையுங்கள். குளியலறை வென்டிலேட்டருக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் வலை அடியுங்கள். அந்த 6,000 ரூபாயில் சிறு பங்குகூட இதற்கு ஆகாது.

கேள்வி: குளவி வராமல் தடுக்கும் அல்ட்ராசானிக் கருவி, போலிக்கூடு இரண்டும் இணையத்தில் விற்கின்றன. பயன் உண்டா? (வாசகர், கோவை)

பதில்: அல்ட்ராசானிக் கருவிக்குப் பணம் தண்டம். இப்படிப்பட்ட கருவிகளை விற்ற அறுபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, விளம்பரத்தில் சொல்வதற்கு அறிவியல் ஆதாரம் இருக்க வேண்டும் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2001இலேயே எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. போலிக்கூட்டையும் நம்பிக் காசு போடாதீர்கள். அதன் பக்கத்திலேயே குளவி கூடு கட்டினாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை.

வெளிநாட்டுக் குறிப்புகளில் இன்னொன்றும் வரும்: பனிக்காலம் வந்தால் கூடு தானாகச் செத்துவிடும், பொறுத்திருங்கள் என்று. நம் ஊருக்கு அது பொருந்தாது. தென்னிந்தியாவில் பரவலாக உள்ள ரோபாலிடியா மார்ஜினேட்டா என்ற காகிதக்குளவி ஆண்டு முழுவதும் கூடு கட்டும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ராகவேந்திர கடக்கர் பல்லாண்டுகள் ஆராய்ந்த குளவி இதுதான்.

இதன் கூடு, சன்ஷேடின் அடியில் காம்பில் தொங்கும் சாம்பல்நிறத் தாமரைக்காய் போல இருக்கும். அறைகள் கீழ்நோக்கித் திறந்திருக்கும். கூட்டத்தைச் சீண்டினால் கொட்டும். சன்ஷேடு, மாடிப்படியின் அடிப்பக்கம், கேட்டின் இரும்புக்குழாய், துணி காயப்போடும் கம்பியின் முனை, தண்ணீர்த் தொட்டி மூடி ஆகியவற்றை வாரம் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். நாலைந்து அறையும் ஒற்றைக் குளவியும் இருக்கும் நிலையில், அது இரைதேடப் போன நேரம் பார்த்து நீளக் குச்சியால் தட்டிவிட்டு, காம்பு ஒட்டியிருந்த இடத்தைச் சோப்புநீரால் தேய்த்துக் கழுவுங்கள். அதே இடத்தில் மறுபடி கட்ட வரலாம்; மறுபடி தட்டுங்கள்.

கேள்வி: வீட்டை ஒட்டிய பனைமரத்தில் கதண்டு (கூட்டமாக வாழும் பெரிய குளவி) பெரிய கூடு கட்டியிருக்கிறது. கடையில் என்ன மருந்து வாங்குவது? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: எதையும் வாங்காதீர்கள். அறைகள் வெளியே தெரியாமல் வரிவரியான ஓடு மூடி, ஒரே வாசலோடு இருந்தால் அது கதண்டுக்கூடுதான். தேனீயைப் போலக் கொடுக்கை விட்டுவிட்டுப் போகாது. ஒரே கதண்டு பலமுறை கொட்டும், கூட்டமாகத் துரத்தும். தீப்பந்தம், பெட்ரோல், கல்லெறி எதுவும் வேண்டாம். தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையை 101இல் அழையுங்கள். அவர்கள் வரும்வரை பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

யாரையாவது கொட்டிவிட்டால் சுண்ணாம்பு தடவிக்கொண்டு நேரத்தைக் கடத்தாதீர்கள். இடத்தைக் கழுவி ஐஸ் ஒத்தடம் கொடுக்கலாம். மூச்சுத்திணறல், முகவீக்கம், மயக்கம் தெரிந்தால் உடனே 108. பல இடத்தில் கொட்டியிருந்தால், ஆள் தெம்பாகத் தெரிந்தாலும் மருத்துவமனையில் காட்டியே ஆகவேண்டும். விஷம் பிறகு சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும்.

கேள்வி: ஆறு மாத உத்தரவாதம் என்று சொல்லி மருந்து அடித்தார்கள். ஒரே மாதத்தில் காகிதக்குளவி அதே இடத்தில் கூடு கட்டிவிட்டது. இப்போது போனையே எடுப்பதில்லை. என்ன செய்வது? (வாசகி, சேலம்)

பதில்: உத்தரவாதம் எழுத்தில் இருக்கிறதா? ரசீதிலோ வாட்ஸ்அப் செய்தியிலோ இருந்தாலும் போதும். புதுக்கூட்டைத் தேதி தெரியும்படி படம் எடுங்கள். மறுபடி வந்து சரிசெய்ய வேண்டும், இல்லையேல் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று 15 நாள் கெடு வைத்துப் பதிவுத்தபாலில் அறிவிப்பு அனுப்புங்கள். அசையவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் தாக்கல் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும்.

அடுத்தமுறை ஆளை அழைக்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி உரிமம் இருக்கிறதா, அடிக்கப்போகும் மருந்தின் பெயர் என்ன? டப்பாவை வாங்கி லேபிளில் உள்ள முக்கோணத்தின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு; அடுத்து மஞ்சள், பின் நீலம், கடைசியில் பச்சை. லேபிளே இல்லாத பாட்டிலில் கலக்கிக் கொண்டுவந்தால் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிடுங்கள்.